இரவல் வாங்கிய பாட்டு

மட்டக்களப்புக்குப் புதிதாக வரும் விருந்தினரை, நிலவு காயும் இரவொன்றில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் ஏற்றிச் செல்வது இவ்வூராரின் பழைய வழக்கம். வாவியின் நடுவே தோணி நின்றதும், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையைக் காதோடு பொருத்திக்கொள்ளச் சொல்வர். நீருக்கடியிலிருந்து மெல்லிய நாதம் ஒன்று எழும். பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் அதனைக் கேட்டு வியந்து, 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் எழுதி வைத்தார். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அருட்தந்தை லாங் என்னும் கத்தோலிக்கத் துறவியின் முயற்சியால் அவ்வொலி பதிவு செய்யப்பட்டு வானொலியிலும் ஒலித்தது.

மீனின் பாட்டைக் கேட்க நள்ளிரவிலும் காத்திருக்கின்றோம், நல்லதுதான். ஆனால் அந்தத் தோணியை வலித்துச் சென்றவனின் பாட்டை யாரேனும் கேட்டதுண்டா? அவன் தந்தை என்ன பாடினான், அவன் தாய் எந்தக் கதையைச் சொல்லி அவனை உறங்க வைத்தாள் என்று ஒரு வரியேனும் எங்காவது பதிந்து வைத்தோமா?

இவ்வினா சில காலமாக எம்மை உறுத்தி வந்தது. அந்த உறுத்தலோடுதான், அண்மையில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் ஊழியர்களுக்கு ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் பயிற்றும் பணியை ஏற்றுக்கொண்டோம். ஆசிரியத் தொழிலில் பல ஆண்டு கழித்தவர் நாம். ஒலிவாங்கியோடும் ஓரளவு பழக்கம் உண்டு. கற்பிக்கப் போகின்றோம் என்ற நினைப்போடுதான் சென்றோம். அங்கே நாம் கற்று வந்ததைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி இந்நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அவன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. நகரமும் பெரிய பள்ளிகளும் அலுவலகங்களும் எழுவான்கரையில். வயலும் குளமும் காடும், அவற்றில் உழைத்து உண்ணும் மக்களும் படுவான்கரையில். நாம் சென்ற நூலகம் படுவான்கரையைச் சேர்ந்தது. ஒரே மண்டபம், நான்கு மேசைகள், பத்திரிகை வாசிக்க வரும் முதியோர் சிலர், பரீட்சைக் காலத்தில் மட்டும் நிறையும் மாணவர் கூட்டம்.

அந்த நூலகத்தின் மட்டக்களப்புப் பகுதியை முதல் நாளே பார்த்தோம். சதாசிவ ஐயர் தொகுத்து 1940இல் வெளிவந்த வசந்தன் கவித்திரட்டு, எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வி. சீ. கந்தையா 1964இல் எழுதிய மட்டக்களப்புத் தமிழகம், கூத்து மரபை ஆராய்ந்த பேராசிரியர் மௌனகுருவின் நூல் ஆகியன இருந்தன. யாவும் போற்றத்தக்க உழைப்பின் விளைவு. ஆயினும் வசந்தன் பாட்டின் சொற்கள் அந்த அலுமாரியில் இருக்கின்றன. அதன் தாளம் அங்கே இல்லை. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடு விளக்கப்பட்டிருக்கின்றது. இரண்டையும் பாடி வேறுபடுத்திக் காட்டும் அண்ணாவியாரின் குரல் இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை பாடப்படும்போது கேட்டு நிற்கும் ஊரின் மௌனத்தை எந்தப் பக்கம் தாங்கும்?

ஒலி ஒருமுறை அழிந்துபட்டால் அதனை எழுத்திலிருந்து மீட்பது எத்துணை அரிது என்பதற்கு இம்மண்ணின் மைந்தர் ஒருவரே சான்று. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இசையை இலக்கியங்களிலிருந்து தேடித் தேடிக் கணித்துப் பல்லாண்டு உழைத்தே 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அடிகள் போன்ற ஒருவர் ஒரு தலைமுறைக்கு ஒருவர் தோன்றுவதும் அரிது. பாடுவோர் உயிரோடு இருக்கும்போதே பதிந்து வைப்பதோ, இன்று ஒரு கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவருக்கும் இயலும்.

வலையொலி என்றும் பொட்காஸ்ட் என்றும் வழங்கும் இக்கலையின் பெயர் 2004இல் கார்டியன் இதழில் பென் ஹமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில் முதலில் தோன்றியது. பொருளோ எளியது. ஒலியைப் பதிந்து, இணையத்தில் வைத்து, கேட்போர் தமக்கு வாய்த்த நேரத்தில் இறக்கிக் கேட்கச் செய்வது. வானொலி ஒலிக்கும் நேரத்துக்காக நாம் காத்திருந்தோம்; இதுவோ நமக்காகக் காத்திருக்கின்றது. அலுமாரியில் நூல் காத்திருப்பதும் இவ்வாறுதானே! நூலகத்துக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு இங்கேதான் தொடங்குகின்றது.

இது இலங்கைக்குப் புதிய சிந்தனையுமன்று. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, யூனெஸ்கோவின் துணையோடு 1990களின் இறுதியில் ஒரு புதுமை செய்தது. கிராமத்தவர் தம் ஐயங்களைக் கேட்டு அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, மக்களின் மொழியில் ஒலிபரப்புவர். அத்தொடர்பு கம்பளை, நாவலப்பிட்டிப் பொது நூலகங்கள் வரை நீட்டப்பட்டது. உலகத்தின் அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுவந்த முயற்சி அது. கிராமத்தின் அறிவை உலகத்துக்குக் கொண்டுசெல்லும் மறுபாதி இன்னும் எஞ்சியுள்ளது.

பயிற்சிக்கு ஒன்பது பேர் வந்தனர். நூலகராகிய இளம்பெண் ஒருவர். அயல் நூலகங்களிலிருந்தும் வந்த உதவியாளர்கள். கணினியில் பழக்கமுள்ள இளைஞர் ஒருவர். பத்தாவது ஆளாக ஓர் அம்மையார் இருந்தார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. அமைய ஊழியராக நாட்கூலிக்கு வேலை செய்பவர்; மண்டபம் கூட்டி, கிழிந்த நூல்களைத் தைத்து, தேநீர் ஊற்றித் தருபவர். தேநீர் கொடுத்துவிட்டு வாசற்படியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரையும் அமரச் சொல்ல வேண்டும் என்று எமக்கு முதல் நாள் தோன்றவில்லை. இதனை வெட்கத்தோடு எழுதுகின்றோம்.

தொழில்நுட்பம் கற்பிப்பதில் இடர் ஏதும் இருக்கவில்லை. மின்விசிறியை நிறுத்த வேண்டும். அதன் இரைச்சல் நம் காதுக்குப் பழகியிருக்கும், ஒலிவாங்கிக்குப் பழகாது. வெறுஞ்சுவரில் குரல் மோதி எதிரொலிக்கும். புத்தக அலுமாரிகளின் நடுவே அமர்ந்தால் நூல்களே எதிரொலியை உறிஞ்சிவிடும். பேசுவோர் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி போதும். கைத்தொலைபேசியில் பதிவு செய்தால் அழைப்பு வராதபடி முன்னரே அடைத்துவிட வேண்டும். பேச்சு முடிந்த பின்னும் அரை நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிந்து வைத்தால், பின்னர் வெட்டி ஒட்டும்போது அது கைகொடுக்கும். ஓடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் வெட்டவும் ஒட்டவும் இரண்டு நாளில் அனைவரும் தேறிவிட்டனர். நூல்களுக்கு எண்ணிட்டு வகைப்படுத்திப் பழகியவர்கள் ஆதலால், கோப்புக்கு நாளும் இடமும் பேசியவரும் தெரியப் பெயரிடும் ஒழுங்கை நாம் சொல்லித்தர வேண்டியே இருக்கவில்லை.

இடர் வேறிடத்தில் இருந்தது.

முதற் பயிற்சியாக ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும் என்றோம். சிவப்பு விளக்கு எரிந்ததும் ஒன்பது பேருக்கும் குரல் மாறிற்று. கொழும்பு வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அவர்களுள் புகுந்துகொண்டார் போலும்! சற்று முன்னர் தேநீர் குடித்துக்கொண்டு வாய்நிறையப் பேசியவர்கள், அன்பான நேயர்களே என்று தொடங்கிச் செயற்கைத் தமிழில் திணறினர். ஏன் என்று வினவினோம். எங்கள் பேச்சைக் கேட்டால் வெளியூரார் சிரிப்பார்கள் என்றார் ஓர் உதவியாளர். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், மட்டக்களப்புப் பேச்சு என்று நண்பர்கள் கேலி செய்ததை இன்னொருவர் நினைவுகூர்ந்தார்.

மறுநாள் அந்த இளைஞர் தாம் செப்பனிட்ட பதிவொன்றைப் போட்டுக் காட்டினார். மீனவர் ஒருவரோடு நிகழ்த்திய உரையாடல். கேட்க வழுவழுவென்று இருந்தது; ஆயினும் ஏதோ குறைந்தது. மூலப் பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டபோதுதான் விளங்கிற்று. மீனவர் சொல்லுக்குச் சொல் வழங்கிய மறுகா என்னும் சொல் அனைத்தையும் அவர் வெட்டி எறிந்திருந்தார். பிறகு என்று பிற ஊரார் சொல்லும் இடத்தில் மறுகா என்பது இம்மக்களின் வழக்கு. பிழை என்று நினைத்து நீக்கினேன் என்றார் அவர்.

அவரைக் கடிந்து பயனில்லை. பாடநூலும் வானொலியும் திரைப்படமும் ஒன்று சேர்ந்து, உன் தாயின் பேச்சு பிழை என்று அவருக்குப் பல்லாண்டு போதித்திருக்கின்றன. ஆசிரியர்களாகிய நமக்கும் அப்பழியில் பங்குண்டு. 1966இல் இலங்கைத் தமிழை ஆராய்ந்து எழுதிய செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ் வழக்குகளுள் இலக்கியத் தமிழை மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்பு வழக்கே என்றும், தொன்மையான கூறுகள் பலவற்றை அது காத்து நிற்கின்றது என்றும் கருதினார். இதனைச் சொன்னபோது மண்டபத்தில் சிறு மகிழ்ச்சி பரவியது. ஆனால் வெளிநாட்டு அறிஞர் ஒருவர் சான்றிதழ் தந்தால்தான் தன் தாய்மொழியைத் தலைநிமிர்ந்து பேசலாம் என்ற நிலையும் பெருமைக்குரியதன்று. தொன்மை இல்லாவிட்டாலும் உழைக்கும் மனிதன் தன் வாழ்வைச் சொல்லும் மொழி மதிப்புக்குரியதே.

அடுத்த வாதம் ஒலியா, ஒளியா என்பது பற்றி எழுந்தது. அனைவரும் காணொலியையே விரும்பினர். நாம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினோம். பேச்சுக்குப் போதுமான அளவில் சுருக்கிய ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 மெகாபைற். அதே ஒரு மணி நேரத்தைத் தெளிவான காணொலியாகத் தந்தால் 700 மெகாபைற்றிலிருந்து ஒரு ஜிகாபைற் வரை செல்லும். நாட்கூலிக்குப் போகின்றவர் தம் சொந்தக் காசில் இணையத் தரவு வாங்கியே இதனைக் கேட்க வேண்டும். இருபது மடங்குக்கும் மேற்பட்ட விலையை அவர் தலையில் கட்டுவது நியாயமா? கேட்பதற்குக் கைகளும் வேண்டாம். வலை பொத்திக்கொண்டும், நாற்று நட்டுக்கொண்டும், தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டும் கேட்கலாம்.

அதற்காகக் காணொலியை முற்றாகத் தள்ளிவிடவும் இல்லை. கண்ணுக்கே உரிய அறிவு என்று ஒன்றுண்டு. கூத்தின் ஆட்டத்தரு, வலை பொத்தும் விரல்களின் வேகம், பன்பாய் இழைக்கும் கை ஆகியவற்றைச் சொல்லால் மட்டும் விளக்க முடியாது. காது கேளாதோருக்கு எழுத்தோடு கூடிய காணொலியே வாசல். ஆகவே கையும் காலும் பேசுமிடத்தில் காணொலி, வாய் பேசுமிடத்தில் ஒலி என்று ஒரு வரையறை செய்துகொண்டோம். இந்த வரையறையைச் சொன்னவர் வாசற்படியில் நின்ற அம்மையார். அன்றிலிருந்து அவருக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது.

பயிற்சியின் நான்காம் நாள் வெளியே சென்றோம். அந்த அம்மையாரின் ஊரில் பொலிப்பாட்டு அறிந்த முதியவர் ஒருவர் இருக்கின்றார் என்றும், அவர் தமக்கு மாமன் முறை என்றும் அவர் சொல்லியிருந்தார். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வருமுன், வெட்டிய கதிரைச் சூடு வைத்து, பின்னர் களத்தில் பரப்பி, எருமைகளைப் பிணைத்து வட்டமாக நடத்திச் சூடு மிதிப்பர். விலங்குகளின் பின்னே இரவெல்லாம் நடப்பவர் உறங்கிவிடாமலிருக்கவும், விலங்கு தளராமலிருக்கவும், நெல் பொலியவும் பாடிய பாட்டே பொலிப்பாட்டு. இன்று இயந்திரம் சில மணி நேரத்தில் வெட்டி, உதிர்த்து, சாக்கில் கொட்டிவிடுகின்றது. உடல் வருத்தம் குறைந்தது. அதற்காக வருந்துவோர் களத்தில் நின்றறியாதவர்கள். எனினும் வேலை போனதோடு பாட்டும் வேலையிழந்தது.

எண்பது வயதைத் தாண்டியவர் அவர். முற்றத்தில் கதிரை போட்டு, முக்காலியை நிறுத்தி, ஒலிவாங்கியைச் சட்டையில் மாட்டி அனைத்தும் ஆயத்தம் செய்தோம். அவர் வாய் திறந்தார். இரண்டு அடியோடு நின்றார். மீண்டும் தொடங்கினார், மீண்டும் நின்றார். இருந்துகொண்டு பாட்டு வருகுதில்லை என்றார். இளைப்பாறட்டும் என்று நாம் பதிவை நிறுத்தச் சொன்னோம். அம்மையார் மட்டும், மாமா, எழும்பி நடங்க என்றார். கிழவர் எழுந்தார், முற்றத்தைச் சுற்றி நடந்தார். கால் வட்டமிடத் தொடங்கியதும் பாட்டு வந்தது. முக்காலியை விட்டுவிட்டுக் கைத்தொலைபேசியோடு அம்மையாரும் அவருக்குச் சமமாக நடந்தார். இருபது நிமிடம் அந்த முற்றத்தில், இல்லாத எருமைகளின் பின்னே இருவரும் நடந்தனர்.

பாட்டு முடிந்தது. நாம் சம்மதப் பத்திரத்தை நீட்டினோம். அலுவலகத் தமிழில் இரண்டு பக்கம் அச்சிட்டது. கண்ணாடி இல்லாமல் அதனைத் தொலைவில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதியவர் நூலகரிடம் கேட்டார்:

“அந்த நாளையில நாங்க விடிய விடியச் சூடு மிதிச்சம். விடிஞ்சாப் போடியார்ர வண்டில் வரும். நெல்லை ஏத்திக்கொண்டு போகும். மறுகா அந்த நெல்லை நாங்க கண்டதில்ல. இப்ப நீங்க பாட்டை ஏத்திக்கொண்டு போறீங்க. மறுகா இதை நான் எங்க காணுறது, மகள்?”

போடியார் என்பது படுவான்கரையில் பெருநிலம் வைத்திருந்தோரின் பெயர். கிழவர் சினந்து சொல்லவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். எம்மில் ஒருவருக்கும் விடை வரவில்லை. இணையத்தில் வரும் என்று இளைஞர் முணுமுணுத்தார். கிழவர் வீட்டில் இணையம் இல்லை. மரபைக் காக்கின்றோம் என்று வந்தவர்கள் நாம். எந்த மரபை? கூலிக்கு இரவெல்லாம் நடந்த மனிதனின் மூச்சை எடுத்துச் சென்று, நமது தொகுப்பில் வைத்து, நமது பெயரையும் அதன் மேல் பொறித்துக்கொள்ளும் மரபையா? போடியாரின் வண்டிக்கும் எமது பைக்கும் என்ன வேறுபாடு?

இக்கேள்வி உலகமெங்கும் எழுந்த கேள்வியே. களத்துக்குச் சென்று மக்களின் பாட்டைப் பதிவு செய்த முதல் ஆய்வாளர் என்று கூறப்படும் ஜெசி வால்ட்டர் ஃபியூக்ஸ், 1890இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பஸ்ஸாமக்குவோடி என்னும் தொல்குடியினரின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். உருளைகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. அத்தகைய பதிவுகளின் பிரதிகளை உரிய மக்களிடம் சேர்ப்பதற்கென அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஒரு திட்டம் தொடங்கியது 1979இல். பாடியவனும் அவன் பிள்ளையும் மறைந்த பிறகு, பேரப்பிள்ளைகளின் காலத்தில் பாட்டு வீடு திரும்பியது.

நூலகத்துக்குத் திரும்பினோம். யாரும் பேசவில்லை. அம்மையார் வழக்கம்போல் தேநீர் கொண்டுவந்தார். பின்னர் மேசையிலிருந்த இரவற் பதிவேட்டைத் திறந்து, கோடிட்ட பக்கத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தோம். நூலின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பொலிப்பாட்டு ஒன்று என்றும், இரவல் கொடுத்தவர் என்று முதியவரின் பெயரும், இரவல் பெற்றவர் என்ற இடத்தில் நூலகம் என்றும், திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளாக அன்றிலிருந்து பதினான்காம் நாளும் எழுதியிருந்தார். எங்களுக்கும் அந்தச் சட்டம்தானே என்றார்.

நூலகவியல் படித்த எவருக்கும் தோன்றாத எண்ணம் அது. ஊரார் நூலகத்திடம் இரவல் பெறுவர் என்றே நாம் அறிந்திருந்தோம். நூலகம் ஊராரிடம் இரவல் பெறுகின்றது என்பதை அந்தப் பக்கத்தில்தான் முதன்முதலாகக் கண்டோம். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்து 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தளித்தார். அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகமும் புறப்பட்டது. அறிவை வண்டியில் ஏற்றி உழவனின் வாசலுக்கு அனுப்பிய காலம் அது. அவ்வண்டி வெறுமையாகத் திரும்ப வேண்டியதில்லை. உழவனின் அறிவையும் ஏற்றி வரலாம். ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் ஒழுக்கம் இரு பக்கத்துக்கும் பொது.

பதினான்காம் நாள் சென்றோம். சிறிய ஒலிப்பெட்டி ஒன்றில் பாட்டை ஏற்றி எடுத்துச் சென்றோம். இணையம் வேண்டாத, பொத்தானை அமுக்கினால் பாடும் பெட்டி. மாலை நேரம். அயலாரும் பிள்ளைகளும் கூடினர். கிழவர் தம் குரலைத் தாமே கேட்டது அதுவே முதல் முறை. சற்று நேரம் தலையைக் குனிந்து கேட்டார். பின்னர், ஒரு அடி மாறிப் போச்சு என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, ஒண்டில்ல, ரெண்டு அடி என்றார். சிரிப்பெழுந்தது. அம்மையார் மீண்டும் பதிவுக் கருவியை எடுத்தார். விடுபட்ட அடிகளும், முன்னர் எமக்குச் சொல்லப்படாத இன்னொரு பாட்டும் அன்று கிடைத்தன. திருப்பிக் கொடுத்தவனுக்கே மறுபடி இரவல் கிடைக்கும் என்னும் நூலகச் சட்டம் அங்கும் செல்லுபடியாயிற்று.

இரண்டாவது பாட்டு போடியாரைப் பரிகசிப்பது. கூலி அளந்த மரக்காலைப் பற்றிய கூர்மையான வரிகள் அதில் உண்டு. இதனையே முதலில் வெளியிட வேண்டும் என்று நாம் துடித்தோம். கிழவர் தலையசைத்தார். அந்தப் போடியாரின் பேரப்பிள்ளைகள் இன்று அதே ஊரில் சிறு வயல் வைத்து, கடன்பட்டு, அவர் வீட்டோடு கொண்டும் கொடுத்தும் வாழ்கின்றனர். பதிந்து வையுங்கள்; என் காலத்துக்குப் பிறகு கேட்கட்டும் என்றார். எமக்கு ஏமாற்றந்தான். எனினும் அவரது சொல்லே இறுதி என்று ஏற்றோம். பதிவுகளுக்குத் திறந்த அலுமாரி ஒன்றும் பூட்டிய அலுமாரி ஒன்றும் அன்றே வகுக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுவோரின் உரிமையையும் நாட்டார் ஆக்கங்களின் பாதுகாப்பையும் பற்றிப் பேசுகின்றது. ஆனால் எந்தச் சட்டமும் கிழவரின் தலையசைவைப் பார்க்கக் கற்றுத்தராது. அதற்கு அருகே அமர்ந்து கேட்கும் மனிதர் வேண்டும். சம்மதப் பத்திரத்தையும் மாற்றி எழுதினோம். இப்போது அது அரைப் பக்கம். அதனையும் வாசித்துக் காட்டி, ஆம் என்ற சொல்லைக் குரலிலேயே பதிகின்றோம்.

காப்பது பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பதிவேற்றிவிட்டோம், இனி அழியாது என்று பலரும் நினைக்கின்றனர். இலாபத்துக்காக நடக்கும் நிறுவனம் ஒன்றின் வாசலில் வைத்த பொருள் நமது அலுமாரியில் வைத்த பொருளாகாது. அவர்கள் வாசலை மூடும் நாள் நமக்குத் தெரியாது. இம்மாவட்டம் 1978 நவம்பரில் சூறாவளியைக் கண்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையைக் கண்டது. இடையில் நீண்ட போரையும் கண்டது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் 1981இல் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஆகவே சுருக்காத மூலப் பதிவுக்கு மூன்று பிரதிகள். அவற்றுள் ஒன்று வேறூரில். ஆண்டுக்கொருமுறை திறந்து சோதித்தல் என்பதை விதியாக வைத்தோம். 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் இலவசமாக வைத்துவரும் நூலகம் நிறுவனம், ஒலியையும் ஒளியையும் சேர்த்து வாய்மொழி வரலாறுகளையும் ஆவணப்படுத்தி வருகின்றது. தன்னார்வலர் கூடித் தேர் இழுப்பதுபோல் நடக்கும் பணி அது. ஒவ்வொரு பொது நூலகமும் அதில் ஒரு வடத்தையேனும் பற்றலாம்.

வாவிக்கரையில் பதிய வேண்டியவை எத்துணையோ! காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பாடப்படும் முஸ்லிம் பெண்களின் தாலாட்டுக்கள். வாகரைப் பக்கத்துக் கடல் வேடரின் நினைவுகள். நகரத்துப் பறங்கியர் வீடுகளில் முதியோர் இன்றும் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி. அம்மொழியைப் போர்த்துக்கலிலிருந்து வந்த ஆய்வாளர்கள் பதிந்துள்ளனர், நன்றியோடு நினைக்கின்றோம். எனினும் பறங்கியர் வீதிக்கு அடுத்த வீதியில் வாழும் நாம் அவர்கள் வாசலில் ஒருநாளேனும் அமர்ந்து கேட்டோமா?

இவையெல்லாம் இலவசமாக நடந்துவிடும் என்று மயங்குதல் கூடாது. நூலக ஊழியருக்கு ஏற்கெனவே வேலைப்பளு உண்டு. பதிவும் செய்யுங்கள், செப்பனிடுங்கள், பட்டியலிடுங்கள் என்று ஆணையிட்டு, நேரமும் ஊதியமும் தராமல் விட்டால், அதுவும் கூலியில்லாத சூடு மிதிப்பாகிவிடும். கருவிக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகள் மனிதருக்கு ஒதுக்கத் தயங்குகின்றனர். பயிற்சியின் முடிவில் ஒன்பது பேருக்குச் சான்றிதழ் வந்தது. பத்தாமவருக்கு வரவில்லை, அமைய ஊழியருக்குச் சான்றிதழ் வழங்க விதியில் இடமில்லையாம். நாம் கடிதம் எழுதினோம். நூலகரும் எழுதினார். இதனை எழுதும்வரை விடை வரவில்லை. எழுதுவதை நிறுத்தப்போவதும் இல்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவ இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஒரு நூலகம் இருக்கும். அங்கே சென்று, பதிவு செய்வீர்களா என்று கேளுங்கள். கருவி இல்லை என்றால் உங்கள் கைத்தொலைபேசியைக் கொடுங்கள். ஆள் இல்லை என்றால் கிழமைக்கு ஒரு மாலை நீங்களே போய் அமருங்கள். உங்கள் வகுப்பறையில் ஒரு பிள்ளை மறுகா என்று சொன்னால் திருத்தாதீர்கள். பதிந்ததைப் பாடியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளை, பதியும் நாளிலேயே எழுதி வையுங்கள்.

அந்த இளைஞர் தாம் செப்பனிட்ட மீனவரின் உரையாடலை மூலத்திலிருந்து மீண்டும் தயாரித்தார். வெட்டிய சொற்கள் யாவும் தத்தம் இடத்துக்கு வந்துள்ளன. நூலகத்தின் வலையொலி வரிசையில் முதலாவதாக அது வெளியாயிற்று. கிழவரின் முதற் பாட்டு இரண்டாவது. இரவற் பதிவேட்டில் அந்தப் பக்கம் இப்போது நிரம்பிவிட்டது. திருப்பிக் கொடுத்த நாள் என்ற நிரலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அம்மையாரின் கையொப்பம் இருக்கின்றது. கடைசி வரிக்கு எதிரே மட்டும் இன்னும் இல்லை. அது ஒரு பெண்மணியின் தாலாட்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வருகின்ற வெள்ளிக்கிழமை.